ஓடும் வரை ஓடட்டும்!

"நல்லா ஓடுற வண்டியை எதுக்குடா மாத்தணும்?"

என் அப்பா அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய பிரஸ் ஷாப் உண்டு. இரண்டு பவர் பிரஸ், ஒரு வெல்டிங் செட், நான்கு ஆட்கள், அவ்வளவுதான். ஒரு சின்னக் காரின் சீட்டுக்கு அடியில் வரும் பிராக்கெட்டை அடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. எந்தக் கம்பெனியின் கார் என்பது இங்கே வேண்டாம். அந்த பிராக்கெட்தான் பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. அக்கா கல்யாணத்தை நடத்தியது. என்னை பாலிடெக்னிக்கில் சேர்த்தது.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் காரின் மாடலை மாற்றினார்கள். புதிய மாடலில் அந்த பிராக்கெட்டே கிடையாது! எங்கள் டைகள் ஆறும் ஒரே நாளில் பழைய இரும்பு ஆயின.

"இன்னும் நாலு வருஷம் அந்தக் காரை ஓட்டியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று அப்பா புலம்பினார். எனக்கோ வேறொரு கேள்வி. சுற்றிலும் புதுப்புது கார்கள் வந்து மோதும்போது, இத்தனை நாள் அந்தக் கம்பெனி மாற்றாமல் இருந்தது எப்படி? நண்பர்களே, அதைத்தான் இங்கே கொஞ்சம் அலசப் பார்க்கிறேன்.

டை சொல்லும் கணக்கு

"கம்பெனிக்காரனுக்குச் சோம்பேறித்தனம்" என்று நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவோம். அது சரியல்ல. ஒரு காரின் கதவுத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை வளைத்து வடிவம் கொடுக்க ஒரு டை, ஓரம் வெட்ட ஒரு டை, துளை போட ஒரு டை, ஓரத்தை மடிக்க ஒரு டை. ஒரு தகட்டுக்கே இப்படி நாலைந்து டை என்றால் முழு காருக்கும் எத்தனை என்று பாருங்கள்! அதோடு வெல்டிங் ஜிக், பிக்ஸ்சர், சோதனை ஓட்டம், அரசு அனுமதி எல்லாம் சேர வேண்டும். ஒரு புதிய கார் வரைபலகையிலிருந்து ஷோரூமுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகிவிடும்.

இந்த முதல் திரும்பும் வரை கார் விற்றாக வேண்டும். முதல் திரும்பிய பிறகு? டை தேய்மானக் கணக்கில் கழிந்துவிட்டது. ஆள் பழகிவிட்டான். அதற்குப் பிறகு வெளியே வரும் ஒவ்வொரு காரும் முன்னைவிட அதிக லாபம். பொன் முட்டை போடும் வாத்தை யார் கை வைப்பார்கள்? வாங்குபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பார்ப்பான், வித்தா நல்ல விலை போகும்" என்று பழைய மாடலையே தேடிப் போகிறோம்.

அதனால்தான் கம்பெனிகள் ஒரு நடுவழி கண்டுபிடித்தன. பம்பர், கிரில், விளக்கு ஆகியவற்றை மட்டும் மாற்றி "புத்தம் புதிய மாடல்" என்று விளம்பரம் செய்வார்கள். அடுத்த முறை அப்படி விளம்பரம் பார்த்தால் கதவையும் கூரையையும் பாருங்கள். அவை பழையதாகவே இருந்தால் பெரிய டை எதையும் தொடவில்லை என்று அர்த்தம். கிழவிக்கு மஞ்சள் பூசிய கதைதான்!

மாருதி கற்றுக் கொடுத்தது

நம் நாட்டு உதாரணத்துக்கே வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அம்பாசடரும் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது ஒரு அதிசயம். 1986ல் உடலமைப்பை மாற்றினார்கள். அதன் பிறகு? 1997ல் முகத்தை மட்டும் திருத்தினார்கள். பின்னால் ஐந்து கியர், எம்பிஎப்ஐ என்று உள்ளே சில மாற்றங்கள். அடிப்படை உடல் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை அதேதான்! ஏறத்தாழ 28 வருடம்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். போட்டி இல்லாத வரை பிரச்சினை இல்லை. 1998ல் நிலைமை மாறியது. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. அதே வருடம் டேவூவின் மேட்டிஸ், டாடாவின் இண்டிகா. மாருதி உடனே 800ன் உடலை மாற்றவில்லை. முதலில் விலையைக் குறைத்தது. போட்டட்ட டைக்கு எல்லாம் காசு எடுத்தாகிவிட்டதல்லவா, விலையைக் குறைக்க அதனால் முடிந்தது! 2000ல் ஆல்டோவைக் கொண்டுவந்து 800க்குப் பக்கத்திலேயே நிறுத்தியது. சில ஆண்டுகளில் விற்பனையில் ஆல்டோ 800ஐ முந்திவிட்டது. 2010 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது பெருநகரங்களில் 800 விற்பனை நின்றது. அதற்குள் அதன் இடத்தில் உட்கார ஆள் தயாராக இருந்தது.

இதை நான் தாமதம் என்று சொல்லமாட்டேன். பழைய மாடு கறக்கும்போதே கன்றுக்குட்டியை வளர்ப்பது இது. ஆனால் கன்று வளர்க்காதவர்கள் கதி என்ன? ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி 1908ல் வந்து ஒன்றரைக் கோடி விற்றது. விலையைக் குறைத்துக்கொண்டே போனால் போதும் என்று ஹென்றி ஃபோர்டு நினைத்தார். எதிரில் ஷெவர்லே புதுப்புது வசதிகளோடு வளர்ந்தது. 1927ல் மாடல் டியை நிறுத்தியபோது அடுத்த மாடல் தயாராக இல்லை. ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். முதலிடம் ஷெவர்லேவுக்குப் போனது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரையே நம்பி இருந்தது. 1974ல் கோல்ஃப் வந்துதான் கம்பெனி மூச்சு விட்டது. நம் அம்பாசடரோ 1958ல் தொடங்கி 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடி, உத்தரபாரா ஆலையோடு சேர்ந்து நின்றே போனது.

ஆக, நல்ல விற்பனைதான் ஒரு காருக்கு முதல் எதிரி. விற்பனை சரிந்தால் யாரும் விழித்துக்கொள்வார்கள். நன்றாக விற்கும்போது தூக்கம் வருகிறது. அங்கேதான் ஆபத்து.

தள்ளிப்போடக் கூடாதது

ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம்! அவற்றில் மூன்று கார்களுக்கு உடல் கூடே மோதலைத் தாங்கவில்லை. அதாவது காற்றுப்பை வைத்தாலும் முழுப் பயன் கிடைக்காது, உடலையே மாற்ற வேண்டும். விபத்துச் சோதனை நம் நாட்டில் சட்டமானது புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலும்தான்.

சீட்டு துணியும் விளக்கும் நாலு வருடம் பொறுக்கலாம், தப்பில்லை. உயிர் பொறுக்குமா? டைக்குப் போட்ட காசு திரும்பட்டும் என்று காத்திருக்கும் காலத்தில் அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்து போவது நம் அம்மாவும் தங்கையும் அல்லவா! கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஷோரூமில் நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். "மோதினால் தாங்குமா?" என்று எத்தனை பேர் கேட்டோம்? கேட்காததை எவன் கொடுப்பான்?

அப்பாவும் நானும்

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். ஃபோர்டு கதை வந்ததும் அப்பா பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"ஏழு வருஷம் முந்தி ஒருத்தர் எலக்ட்ரிகல் பேனல் வேலை தர்றேன்னு வந்தாருடா. இருக்கிற ஆர்டரே தாங்கல, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

காரை மாற்றிய கம்பெனியை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த வீட்டில், அன்றைக்கு ராத்திரி யாரும் திட்டவில்லை. மறுநாள் அப்பா அந்த மனிதரைத் தேடிப் போனார். இப்போது சின்ன அளவில் பேனல் வேலை வருகிறது. ஆறு டையில் இரண்டை மாற்றிச் செதுக்கிப் பயன்படுத்துகிறோம். ஆள் நான்கு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர். போன ஒருவருக்கு அப்பாவால் இன்னும் வேலை கொடுக்க முடியவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் டூல் ரூமிலும் சிலர் டிசைன் அறையிலும் உட்காரப் போகிறோம். "ஓடும் வரை ஓடட்டும்" என்று அங்கே ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் கணக்கு இருக்கும், அதை மதிப்போம். கூடவே, "அது ஓடும்போதே அடுத்ததை வரையத் தொடங்கலாமா சார்?" என்று கேட்போம். கூட்டுக்குள் உட்கார்ந்து போகிறவனின் உயிர் சம்பந்தப்பட்டதென்றால், அடுத்த மாடல் வரை காத்திருக்கவே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

சிந்திப்போம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு