வயலுக்குப் போக வழி எங்கே?



நால்வழிச் சாலை வந்தால் ஊர் முன்னேறும் என்றார்கள். நிலத்தைக் கொடுத்தோம். ரோடு வந்தது. வீடு ஒரு பக்கம், வயல் எதிர்ப்பக்கம் என்று ஆனது. நடுத்தடுப்பில் திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி! சர்வீஸ் ரோடோ பாதியில் வாய்க்காலில் முட்டி நிற்கிறது.

போன சம்பா நடவுக்கு டீசலை மிச்சம் பிடிக்க எதிர்த்திசையில் டிராக்டரை ஓட்டினேன். தப்புதான். போலீஸ்காரர் மறித்தார். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அது அபாயகரமாக ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கே அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. "சட்டம் அப்படி, நான் என்னய்யா செய்ய?" என்றார். அவர் மேல் கோபமில்லை. வழி வைக்காமல் ரோடு போட்டவனுக்கு என்ன அபராதம்? அதைக் கேட்க நாதியில்லை!

கணக்குப் போடுங்கள். நால்வழிச் சாலையில் கார் 100 கி.மீ. வேகத்தில் வரலாம். நம் டிராக்டர் 20 கி.மீ. பின்னால் 100 மீட்டரில் வரும் கார் பிரேக் பிடிக்காவிட்டால் ஐந்து வினாடிக்குள் நம் மேல் ஏறிவிடும். இருட்டில், டிரெய்லருக்குச் சிவப்பு விளக்கும் இல்லையென்றால்?

இங்கே நம்ம குறையையும் சொல்லியாக வேண்டும். கோபப்படாதீங்க. ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட ஆகும் செலவு ஒரு வேளை டீக்கடைக் கணக்கு. அதைக்கூட எத்தனை பேர் செய்தோம்? வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இடது, வலது பிரேக்கைக் கொக்கி போட்டுச் சேர்க்காமலே ரோட்டில் ஏறுகிறோம். வேகத்தில் ஒரு பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி ஒரே பக்கம் இழுத்துக் கவிழும். கேஜ் வீலைக் கழற்றாமல் தார் ரோட்டில் ஓட்டுகிறோம். நடவுக்குப் போகும் பெண்களை டிரெய்லரில் அடைக்கிறோம். இதையெல்லாம் சங்கம் ஒருபோதும் ஆதரிக்காது.

ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினால் வழி பிறந்துவிடுமா? சர்வீஸ் ரோட்டை முடி! வாய்க்காலுக்குப் பாலம் கட்டு! அறுவடை மெஷின் நுழையும் உயரத்தில், மழைத்தண்ணீர் தேங்காத சுரங்கப்பாதை கொடு! அதுவரை டிராக்டர் கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வை! ஆள் செத்த பிறகு நிவாரணம் தருவதற்குப் பதிலாக இதைச் செய்!

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் திரள்வோம். எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறீர்கள் என்று சர்வே நம்பரோடு எழுதி வாருங்கள். டிரெய்லரில் ஏறி வர வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள்.

இவண்,
செயலாளர்