பன்னிரண்டாமவரின் விலை

ஐ.பி.எல். போட்டிகளில் 'இம்பாக்ட் பிளேயர்' விதி 2027-ஆம் ஆண்டுப் பருவம் வரை நீடிக்கும் என்று 2024 செப்டம்பரில் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அடுத்த சில வாரங்களிலேயே, அதே விதியை சையத் முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியிலிருந்து நீக்குவதாக மாநிலச் சங்கங்களுக்குத் தெரிவித்தது. இரண்டும் இருபது ஓவர் போட்டிகள். இரண்டையும் நடத்துவது ஒரே அமைப்பு. வீரர்கள் உருவாகும் களத்துக்கு ஆகாத விதி, வீரர்கள் ஏலம் போகும் களத்துக்கு மட்டும் எப்படி ஏற்றதாகிறது என்ற கேள்விக்கு வாரியம் விரிவாகப் பதில் சொன்னதில்லை.

கேள்வி நமக்குப் புதிது. அமெரிக்கர்களுக்கு அரை நூற்றாண்டுப் பழையது. அவர்கள் பேஸ்பாலில் 'டெசிக்னேட்டட் ஹிட்டர்' என்ற பெயரில் இதே சண்டையைப் போட்டு முடித்துவிட்டார்கள். அது எப்படி முடிந்தது என்பதைவிட, ஏன் அப்படி முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பேஸ்பாலில் களமிறங்குவோர் ஒன்பது பேர். பந்தை எறியும் 'பிட்சர்' தன் முறை வரும்போது மட்டையும் பிடித்தாக வேண்டும் என்பது பழைய விதி. நம் பதினோராவது ஆட்டக்காரரின் நிலைதான் அது. ஆனால், கிரிக்கெட்டில் அவரது முறை வருமுன்பே இன்னிங்ஸ் முடிந்துவிடக்கூடும். பேஸ்பாலில் ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சுழன்று வருவதால் பிட்சருக்குத் தப்ப வழியில்லை. அவர் மட்டையோடு தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல், அவருக்குப் பதிலாக வேறொருவர் அடிக்கட்டும் என்ற யோசனையை 1906-இலேயே கான்னி மேக் முன்வைத்தார். 1928-இல் நேஷனல் லீகின் தலைவர் ஜான் ஹெய்ட்லர் அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தபோது, அமெரிக்கன் லீக் ஏற்கவில்லை. பின்னாளில் இரு லீக்குகளும் தத்தம் நிலைப்பாட்டைத் தலைகீழாக மாற்றிக்கொண்டன.

மாற்றத்துக்குக் காரணம் கொள்கையன்று, கல்லாப்பெட்டி. 1968-இல் பிட்சர்களின் கை ஓங்கி, அமெரிக்கன் லீக் முழுவதற்குமான அடி சராசரி நூறு முயற்சிகளுக்கு 23 என்று சரிந்தது. மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அப்படியும் 1972-இல் அமெரிக்கன் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர், நேஷனல் லீகுக்கு வந்தவர்களைவிடச் சுமார் 40 லட்சம் குறைவு. ஓக்லாந்து அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி போன்றோர் பிட்சருக்குப் பதிலாக ஒரு நிரந்தர மட்டையாளர் வேண்டும் என்று வற்புறுத்த, லீகின் அணிகள் 8-க்கு 4 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டன. அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல் இருந்தது: 'சோதனை'. மூன்றாண்டுச் சோதனை.

1973 ஏப்ரல் 6 அன்று பாஸ்டனில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரான் புளூம்பெர்க் முதல் நியமன மட்டையாளராகக் களம் கண்டார். அடிப்பதற்கென்றே கொண்டுவரப்பட்ட அந்த முதல் மனிதர், தம் முதல் முறையில் எதையும் அடிக்கவில்லை. எதிரணி பிட்சர் தவறாக எறிந்த பந்துகளின் பயனாக இலவசமாக முதல் தளத்துக்கு நடந்து சென்றார். எனினும் விதி எதிர்பார்த்த பலனைத் தந்தது. லீகின் சராசரி ஒரே ஆண்டில் 23.9-இலிருந்து 25.9 ஆக ஏறியது. முழங்கால்கள் தேய்ந்து, ஓய்வின் விளிம்பில் நின்றிருந்த ஆர்லாண்டோ செபடா போன்ற பழைய நட்சத்திரங்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. பந்து பிடிக்கத் தேவையில்லை, அடித்தால் போதும் என்ற வேலை ஒன்று உருவாகிவிட்டது. அந்த வேலைக்கு ஊதியம் உண்டு. ஊதியம் பெறுவோருக்குச் சங்கம் உண்டு. அவர்களைக் காணப் பணம் கொடுக்கும் ரசிகர்களும் உண்டு. இனி யார் அதை ஒழிப்பது? மூன்றாண்டுச் சோதனை இன்றுவரை முடியவில்லை.

நேஷனல் லீக் மட்டும் பிடிவாதமாக விலகி நின்றது. அதையும் முழுக்கக் கொள்கைப் பிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. 1980 ஆகஸ்டில் அந்த லீகிலும் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 4, எதிர்ப்பு 5, நடுநிலை 3. விதி அடுத்த ஆண்டன்று, 1982-இல்தான் நடைமுறைக்கு வரும் என்று கடைசி நேரத்தில் தெரியவந்ததால், பிலடெல்ஃபியா அணியின் பிரதிநிதி தம் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வாக்களிக்க நினைத்தார். உரிமையாளரோ மீன்பிடிக்கப் போயிருந்தார், தொடர்புகொள்ள முடியவில்லை. பிரதிநிதி நடுநிலை வகித்தார். பிலடெல்ஃபியா எப்படியோ அப்படியே வாக்களிக்குமாறு பணிக்கப்பட்டிருந்த பிட்ஸ்பர்க் அணியும் நடுநிலை வகித்தது. ஆட்டத்தின் ஆன்மாவைக் காத்த பெருமை அன்று மீன்களுக்கும் சிறிது உண்டு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் போன்ற பொருளாதார ஆசிரியர்களை ஈர்க்கும் பகுதி. கல்லூரி ஆட்டங்களும் பெரும்பாலான கீழ்நிலை லீக்குகளும் புதிய விதியைப் பின்பற்றின. எனவே பதினெட்டு வயதில் நன்றாக எறியும் ஓர் இளைஞன் மட்டையைத் தொடுவதையே நிறுத்திவிட்டான். அவன் நேஷனல் லீகை எட்டியபோது, பல ஆண்டுகளாகச் செய்யாத ஒரு வேலையை உலகின் தலைசிறந்த பிட்சர்களுக்கு எதிரே நின்று செய்ய வேண்டியிருந்தது. 2021-இல் பிட்சர்களின் அடி சராசரி நூறு முயற்சிகளுக்குச் சுமார் 11. அந்த எண்ணைக் காட்டி, 'இதைப் பார்க்க யார் வருவார்கள்?' என்று கேட்டார்கள். பெருந்தொற்றுக் காலமான 2020-இல் தாற்காலிகமாக இரு லீக்குகளிலும் நடைமுறைக்கு வந்த விதி, 2022-இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே நிரந்தரமாயிற்று. பிட்சர்கள் மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் என்பது விதிக்கான காரணமாகக் கூறப்பட்டது. அந்த இயலாமையின் பெரும்பகுதியை வளர்த்தெடுத்ததும் அதே விதிதான். தனக்கு வேண்டிய சாட்சியத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் விதிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

எதிர்த்தரப்பு வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. குண்டூசித் தொழிற்சாலையை உதாரணம் காட்டி வேலைப் பிரிவினையின் பெருமையைப் பேசிய ஆடம் ஸ்மித்தை ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் எடுத்தவன் நான். ஒருவர் ஒன்றில் தேர்ந்தால் உற்பத்தி பெருகும், ஓட்டங்களும் பெருகும். அப்படியிருக்க, விளையாட்டில் மட்டும் ஏன் எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டும்? என் பதில் இதுதான்: தொழிற்சாலையில் கட்டுப்பாடு ஓர் இடையூறு, விளையாட்டில் கட்டுப்பாடே சரக்கு. பதினோரு பேர்தான் என்ற வரம்பு இருப்பதால்தான் ஐந்து பந்துவீச்சாளர்களா, ஆறா என்று அணித்தலைவர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். அந்த நெருக்கடியில்தான், சுமாராக மட்டை பிடித்து நான்கு ஓவர் வீசக்கூடியவனுக்கு மதிப்பு உண்டாகிறது. பொருளாதாரத்தில் இதை நிழல் விலை என்போம்: வரம்பு இறுக இறுக, அதைச் சமாளிக்க உதவும் பண்டத்தின் விலை ஏறும். வரம்பைப் பன்னிரண்டாகத் தளர்த்தினால், ஆல்-ரவுண்டரின் விலை இறங்கும். அவரைத் தடைசெய்ய வேண்டியதில்லை, தேவையற்றவராக்கினாலே போதும்.

இதன் செயல்பாட்டை முதல் நாளிலேயே கண்டோம். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாதில் சென்னை அணிக்காக மட்டை பிடித்து முடித்த அம்பத்தி ராயுடு விலக, பந்துவீச துஷார் தேஷ்பாண்டே வந்தார். குஜராத் தரப்பில் காயமுற்ற கேன் வில்லியம்சனுக்குப் பதிலாக நம் சாய் சுதர்சன் மட்டையோடு இறங்கினார். ஒரு மட்டையாளர், ஒரு பந்துவீச்சாளர், இருவருக்கும் ஒரே இடம். எட்டாமிடத்திலும் முழுமையான மட்டையாளர் காத்திருக்கிறார் என்றால், தொடக்க ஆட்டக்காரருக்கு விக்கெட் என்பது மலிவுச் சரக்கு. இழந்தாலும் பெரிய நட்டமில்லை. எனவே முதல் பந்திலிருந்தே வீசலாம். விதி வருவதற்கு முந்தைய 15 பருவங்களில் 250-ஐத் தாண்டிய அணி ஒன்றே ஒன்று: 2013-இல் பெங்களூரு எடுத்த 263. 2024-ஆம் பருவத்தில் மட்டும் எட்டு முறை அந்த எல்லை தாண்டப்பட்டது. ஹைதராபாத் 287 வரை போனது. ஆடுகளமும் பயிற்சியும் மாறியிருக்கின்றன. எல்லாவற்றையும் விதியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால், அதற்குப் பங்கே இல்லை என்பதை நம்புவது அதைவிடக் கடினம்.

2024 ஏப்ரலில் ரோஹித் சர்மா, இந்த விதி ஆல்-ரவுண்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சிவம் துபேவுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் பந்துவீச வாய்ப்புக் கிடைப்பதில்லை என்று குறிப்பிட்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடுதலாக இரண்டு இந்தியர்கள் விளையாடுகிறார்களே என்பது வாரியத்தின் பதில். துருவ் ஜுரெல் 2023-இல் மாற்று வீரராக வந்தே கவனம் பெற்றார். மறு ஆண்டே ராஞ்சி டெஸ்டில் ஆட்ட நாயகனானார். எனவே வாய்ப்புப் பெருகியது என்பது மெய். ஆனால் எந்த வகை வீரருக்கு? அந்த 2024 பருவத்தில் வாஷிங்டன் சுந்தர் ஹைதராபாதுக்காக ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அதே ஆண்டு அக்டோபரில் புணே டெஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தவரும் அவர்தான். அவர் ஒதுக்கப்பட்டதற்கு விதி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு பேர் ஆடும் கணக்கில் அவரைப் போன்றவரை விட்டுவிடுவது எளிதாகிவிடுகிறது என்பதே என் கவலை.

2024 ஜூனில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது அணியில் ஹர்திக் பாண்டியா, ஜடேஜா, அக்சர் படேல், துபே என நான்கு ஆல்-ரவுண்டர்கள் இருந்தனரே என்று கேட்கலாம். இருந்தார்கள். நால்வரும் பதினோரு பேர் ஆடிய காலத்தில் உருவானவர்கள். விதியின் விளைவை அறிய, இப்போது பதினேழு வயதில் மாவட்ட லீகில் ஆறாமிடத்தில் இறங்கி மூன்று ஓவர் வீசும் பையன் எதைக் கைவிடப்போகிறான் என்று பார்க்க வேண்டும். திறமை என்பது முதலீடு. வருவாய் இல்லாத இடத்தில் யாரும் பத்தாண்டு உழைப்பைப் போடுவதில்லை.

ஷோஹெய் ஒஹ்டானி இருக்கிறாரே என்ற மறுப்பும் வரும். எறிவதிலும் அடிப்பதிலும் ஒருசேர உச்சம் தொட்ட அவர் வளர்ந்ததே, 1975 முதல் நியமன மட்டையாளர் விதி உள்ள ஜப்பானின் பசிபிக் லீகில்தான். எறியாத நாள்களில் அவர் அடிக்க முடிவதும் அந்த விதியால்தான். எறிந்து முடித்து வெளியேறிய பிறகும் மட்டையாளராகத் தொடரும்படி 2022-இல் அமெரிக்காவில் விதியையே திருத்தினார்கள். மேதைகள் எந்த விதிக்குள்ளும் வழி கண்டுபிடிப்பார்கள்; அல்லது விதி அவர்களுக்கு வழிவிடும். பாதிக்கப்படுவோர் இரண்டாம் நிலைத் திறமை கொண்ட பலர். ஜப்பானில் இத்தனை காலம் விலகி நின்ற சென்ட்ரல் லீகும் 2027 முதல் இவ்விதியை ஏற்க முடிவு செய்துவிட்டது. ஒருமுறை நுழைந்த விதி பின்வாங்குவதில்லை என்பதற்கு இன்னொரு சான்று.

கிரிக்கெட்டில் ஒருமுறை பின்வாங்கியதுண்டு. 2005 ஜூலையில் ஒருநாள் போட்டிகளில் 'சூப்பர் சப்' என்ற மாற்று வீரர் முறை பரிசோதிக்கப்பட்டது. மாற்று வீரரை நாணயச் சுழற்சிக்கு முன்பே அறிவிக்க வேண்டியிருந்ததால் சுழற்சியில் வென்றவருக்கே ஆதாயம் போயிற்று. அணித்தலைவர்கள் முணுமுணுத்தார்கள், 2006 தொடக்கத்தில் அது மறைந்தது. அதை நம்பிப் பிழைப்பவர் என்று அதற்குள் எவரும் உருவாகவில்லை. ஐ.பி.எல்.லின் நிலை வேறு. இங்கே அணிப் பட்டியல் சுழற்சிக்குப் பின் தரப்படுவதால் அந்தக் குறை இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கிறது. விதியின் ஆயுளும் அதே 2027-இல் முடிகிறது. இரண்டையும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரமில்லை. அடுத்த உரிமை விற்பனைக்கு முன்பு சிக்சர்களைக் குறைக்கும் முடிவை எந்த வியாபாரியும் விரும்பமாட்டான் என்பதை அறிய ஆதாரம் தேவையுமில்லை.

அமெரிக்கர்கள் தங்களை அறியாமலே நமக்கு ஒரு வசதி செய்துகொடுத்தார்கள். ஏறத்தாழ 49 ஆண்டுகள் ஒரு லீகில் விதி, மற்றதில் இல்லை. இதைவிடத் தூய்மையான சோதனைக்கூடம் சமூக அறிவியலில் அரிது. பதிலடியாகத் தாமே மட்டையோடு நின்று அடிபட வேண்டிய அச்சம் இல்லாததால் அமெரிக்கன் லீக் பிட்சர்கள் மட்டையாளர்களின் உடலைக் குறிவைக்கத் தயங்குவதில்லையா என்று 1997-இல் மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்த ஒப்பீட்டைக் கொண்டே ஆராய்ந்தார்கள், ஆம் என்றார்கள். மறு ஆண்டே ஸ்டீவன் லெவிட் அதை மறுத்து எழுதினார். எண்கள் பொதுவில் இருந்ததால்தான் இருதரப்பும் வாதிட முடிந்தது.

இப்போது நம்மிடமும் அப்படியொரு சோதனைக்கூடம் இருக்கிறது. முஷ்டாக் அலி கோப்பையில் விதி இரண்டு பருவங்கள் இருந்து 2024-இல் போயிற்று, ஐ.பி.எல்.லில் தொடர்கிறது. அதே இந்திய இளைஞர்கள் பலர் இரண்டிலும் ஆடுகிறார்கள். முதல் ஏழு இடங்களில் மட்டை பிடிக்கும் இந்தியர்கள் விதி இருந்த பருவங்களில் எத்தனை ஓவர் வீசினார்கள், இல்லாத பருவங்களில் எத்தனை என்பதை ஒரு முதுநிலை மாணவர் சில வாரங்களில் கணக்கிட்டுவிடலாம். ஆட்டப் பதிவேடுகள் அனைத்தும் வாரியத்தின் கையில் உள்ளன. 2027-க்குப் பிறகு என்ன என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பு அந்தக் கணக்கை வெளியிட வாரியத்துக்கு ஒரு ரூபாய் கூடச் செலவாகாது.