வேகம் மலிந்த காலத்தில் ஒரு காரைத் தேடி

2025ஆம் ஆண்டு கோடையில் ஒரு மாத காலம் லண்டனில் தங்கியிருந்தேன். லண்டனுக்குச் சென்றால் கூட்டங்களுக்கும் நூல் வெளியீடுகளுக்குமாக வார இறுதிகள் கழிந்துவிடுவதே எனது வழமை. இந்தத் தடவை அவற்றில் மூன்றைக் கார் விற்பனை நிலையங்களில் கழித்தேன். அழைத்துச் சென்றவன் எனது தங்கையின் மகன். "மாமா, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னால் போதும்" என்றான். ஐம்பது வருடங்களாக அதையே தொழிலாகச் செய்துவந்த ஒருவனுக்கு இதைவிட இலகுவான வேலை கிடைக்காது என்று எண்ணிப் புறப்பட்டேன்.

அவனிடம் இருந்தது போர்ட் நிறுவனத்தின் பியஸ்ரா எஸ்.ரி. என்ற சிறிய கார். 2019இல் இருபதாயிரம் பவுணுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது. ஒன்றரை லீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட டர்போ எஞ்சின், 200 குதிரைவலு, கையால் மாற்றவேண்டிய ஆறு கியர்கள். அந்தக் காரில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவனது மனைவிக்குத்தான். இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. பின்பக்கத்துக் கதவு இல்லாத அந்தக் காரில், முன் ஆசனத்தை மடித்து, முதுகை வளைத்து இரண்டு குழந்தைகளையும் பின்னால் இருத்துவது தினமும் இரு வேளை நடக்கும் தண்டனை. "நான் புதுக் கார் கேட்கவில்லை, இரண்டு கதவுகள்தான் கேட்கிறேன்" என்றாள் அவள். நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த இரண்டு கதவுகளைத் தேடிப் போனபோதுதான் கார் உலகத்தில் என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

இந்த வகைக் கார்களை ஆங்கிலேயர் 'ஹொட் ஹட்ச்' என்று அழைப்பார்கள். சந்தைக்கும் பாடசாலைக்கும் போகிற, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள சாதாரணக் குடும்பக் காருக்கு வலுவான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தினால் கிடைப்பது அது. 1975இல் பிராங்போர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி மறு வருடம் விற்பனைக்கு வந்த வொல்க்ஸ்வாகன் கோல்ப் ஜி.ரி.ஐ. காருடனேயே இந்த வகை பெரும் புகழ் பெற்றது. அந்நிறுவனத்தின் சில ஊழியர்கள் ஆரம்பத்தில் மேலிடத்துக்குச் சொல்லாமல் முயன்று உருவாக்கிய கார் அது. அந்தச் சிறு குழுவில் நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்புப் பொறுப்பாளரும் ஒருவர் என்பது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. 1984இல் பேஜோ 205 ஜி.ரி.ஐ. வந்தது. அதன்பின் ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தக் களத்தில் இறங்கின.

ஆனால் கோல்புக்கு முன்னரே இதற்கு ஒரு பாட்டன் இருந்தான். 1961இல் வந்த மினி கூப்பர் அது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் மொன்ரி கார்லோ ரலியில் தன்னைவிடப் பன்மடங்கு விலையுள்ள கார்களைத் தோற்கடித்த பொடியன். அதன் மூலக் காரான மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எங்களூர்த் தெருக்களில் நீண்டகாலம் ஓடிய மொறிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவரே. ஆகவே யாழ்ப்பாணத்தவனான எனக்கு இந்த வம்சம் முற்றிலும் அந்நியமானதல்ல.

மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிஜையும் நாங்கள் எப்படி ஓட்டினோம் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் பெற்றோல் கிடைக்கவில்லை. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த வாடகைக் கார்ச் சாரதிகள் முழு ஓட்டத்தையும் காதாலேயே நடத்தினார்கள். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் காலைத் தளர்த்தவேண்டும், எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு முன்னதாகக் கியரை மாற்றவேண்டும் என்பதெல்லாம் அவர்களது உடம்பில் ஊறியிருந்தன. புகையும் நாற்றமும் நிறைந்த அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. காரும் சாரதியும் பேசிக்கொள்ள முடியும் என்பதை அங்கேதான் முதன்முதலில் கண்டேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மருமகனின் தேடலுக்கு வருவோம். தனது பழைய காரைப் போன்ற இன்னொன்றைப் புதிதாக வாங்க அவனால் முடியாது. பியஸ்ரா 47 வருட உற்பத்தியின் பின்னர் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. 2009 முதல் 2020 வரை பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்பனையான கார் அது என்பதை மனதிற் கொள்ளவேண்டும். ரெனோவின் மெகான் ஆர்.எஸ். 2023இல் முடிந்தது. ஹுண்டாய் தனது ஐ20 என் காரை 2024இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கியது. ஹொண்டா தனது சிவிக் ரைப் ஆர் காருக்கு ஐரோப்பாவில் விடைகொடுக்கும் இறுதிப் பதிப்பை 2025இல் அறிவித்தது. நாற்பது கார்கள் மட்டுமே. போர்ட் போக்கஸும் அதே வருட நவம்பரில் ஓய்ந்தது. இருபத்தையாயிரம் பவுணுக்கு, கையால் கியர் மாற்றும் புதிய ஹொட் ஹட்ச் ஒன்றுகூட இல்லை.

ஆயினும் தளராமல் வெள்ளோட்டங்களை ஆரம்பித்தோம். ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் தனது பழைய காரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டே அவன் புதியதில் ஏறினான். "அளவுகோல் கையில் இல்லாமல் எப்படி அளப்பது, மாமா?" என்று கேட்டான். நல்ல நிருபனாக வந்திருக்கவேண்டியவன்.

முதலாவது, இன்றைய கோல்ப் ஜி.ரி.ஐ. 265 குதிரைவலு, விலை ஏறக்குறைய நாற்பதாயிரம் பவுண். பண்பட்ட, வேகமான, குறை சொல்ல இடமில்லாத கார். நான் பக்கத்து ஆசனத்தில் சுகமாக இருந்தேன். ஆனால் 2024இல் வந்த புதுப்பிப்புடன் கிளட்ச் மிதி போய்விட்டது, கியரைக் கார் தானே மாற்றிக்கொள்கிறது. மருமகனின் இடது கால் பழக்கதோஷத்தில் தரையைத் தேடித் தேடி மிதித்ததைக் கண்டேன்.

அடுத்தது மின்சாரக் கார், எம்.ஜி.4 எக்ஸ்பவர். 435 குதிரைவலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை நான்கு விநாடிக்குள் எட்டுகிறது. நான் இளைஞனாக இருந்தபோது படத்தில் மட்டுமே பார்த்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் முடியாத காரியம். அவன் மிதித்தபோது எனது தலை ஆசனத்தில் போய் மோதியது. இரண்டாம் தடவை மிதித்தபோது சிரித்தோம். மூன்றாம் தடவை இருவரும் வேறு விடயம் பேச ஆரம்பித்துவிட்டோம். அந்த மூன்றாம் தடவையைப் பற்றி அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

ரொயோட்டாவின் ஜி.ஆர். யாரிஸ் அவனைத் தடுமாற வைத்தது. உலக ரலிப் போட்டிக்காகவே பிறந்த கார், மூன்று சிலிண்டர்களில் 280 குதிரைவலு, நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை. திரும்பி வந்து இறங்கியபோது அவனது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆனால் விலை நாற்பதாயிரம் பவுணைத் தாண்டுகிறது. அதைத் தாண்டும் பெற்றோல் கார்களுக்குப் பிரித்தானியாவில் சில வருடங்களுக்கு மேலதிக வீதி வரியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கும் பின்பக்கத்துக் கதவு இல்லை. வீட்டில் சொல்லவே முடியாது.

மஸ்டா எம்.எக்ஸ்-5 காரையும் ஓட்டிப் பார்த்தோம். இரண்டே ஆசனங்கள், வாங்குவதற்கு வழியே இல்லை. ஆனாலும் போனோம், பசியோடு இருப்பவன் இனிப்புக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல. ஒரு தொன் அளவே எடையுள்ள அந்தக் கார் சில்ற்றேர்ன் குன்றுகளின் ஒடுங்கிய பாதையில் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் கொடுத்த மகிழ்ச்சியை 435 குதிரைவலு கொடுக்கவில்லை. குதிரையும் சவாரி செய்பவனும் ஒன்றாவது என்ற பொருளில் அதைத் தயாரித்த ஜப்பானியர் ஒரு சொற்றொடர் வைத்திருக்கிறார்கள். விளம்பரச் சொல்தான், ஆனாலும் பொய்யில்லை.

இங்கேதான் எனது அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும். கார்களின் வலு ஏறிக்கொண்டே போகிறது. வீதிகளின் வேக எல்லையோ இறங்கிக்கொண்டே போகிறது. லண்டனின் பல பகுதிகளில் இன்று மணிக்கு இருபது மைல், அதாவது 32 கிலோமீற்றர். வேல்ஸில் 2023 செப்ரெம்பர் முதல் குடியிருப்புப் பகுதி வீதிகளின் பொது எல்லையே அதுதான். இந்த எல்லைகளை நான் வரவேற்கிறேன். வீதி விபத்துகளைப் பற்றி எழுதி எழுதி அலுத்த கை என்னுடையது. ஆனால் 32 கிலோமீற்றர் வீதிக்கு 435 குதிரைவலு எதற்கு? அங்கே வேண்டியது குறைந்த வேகத்திலும் சாரதியைத் தூங்கவிடாத கார், ரயரின் பிடியைக் கையிலும் எஞ்சினின் நிலையைக் காதிலும் சொல்லும் கார். ஹொட் ஹட்ச் அதைத்தான் செய்தது, அதுவும் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டும் விலையில். இன்று வேகம் மலிந்துவிட்டது. ஓட்டுவதில் உள்ள இன்பமோ செல்வந்தரின் பொருளாகிவிட்டது.

இதற்குச் சுற்றாடல் சட்டங்களைத் திட்டுவோர் பலர். அது பாதி உண்மை. பிரித்தானியாவில் 2024இல் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் புதிய கார்களில் 22 சதவீதம் புகை கக்காதவையாக இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. 2030இல் அது 80 சதவீதம். தவறினால் பெருந்தண்டம். எனவே விற்கும் ஒவ்வொரு பெற்றோல் காரையும் நிறுவனங்கள் கணக்குப் பார்த்தே விற்கின்றன. குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்காக இயற்றப்பட்ட சட்டத்தை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் மற்றப் பாதி உண்மையையும் சொல்லவேண்டும். பியஸ்ரா தயாரான ஜேர்மனியின் கொலோன் ஆலையில் இன்று தயாராவது ஏறக்குறைய இரண்டு தொன் எடையுள்ள மின்சார எக்ஸ்புளோரர். சிறிய காரில் இலாபம் குறைவு, பெரியதில் கூடுதல். சிறியதைக் கைவிடும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உயரமான, பருத்த கார்களை விரும்பி வாங்கிய நாங்களும் இந்தத் தீர்ப்பில் கையொப்பமிட்டிருக்கிறோம்.

மின்சாரம் என்பதனால் மட்டும் காரின் உயிர் போய்விடவேண்டும் என்றில்லை. அல்பைன் ஏ290 என்ற பிரெஞ்சு மின்சாரக் காரையும் ஓட்டிப் பார்த்தோம். 220 குதிரைவலு, எடை ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. பற்றரியைச் சுமக்கும் காருக்கு இது சிக்கனமான எடை. வளைவுகளில் அது குறும்பு செய்தது, நான் கதவின் கைபிடியைப் பற்றிக்கொண்டேன். சரியான பாதையில் வைக்கப்பட்ட முதல் அடி என்று அதைச் சொல்வேன். "பத்து வருடம் கழித்து இதன் பேரனை வாங்குவேன்" என்றான் மருமகன்.

வெள்ளோட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காட்சியறையில், தாங்கள் வரைந்து வைத்த பதினைந்து நிமிடப் பாதையை விட்டு விலகக் கூடாது என்றார்கள். கண்ணாடி போன்ற நெடுஞ்சாலை அது. அதில் மாட்டுவண்டியும் சுகமாகத்தான் ஓடும். கார் வாங்கப்போகும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மிக மோசமான வீதியில் ஓட்டிப் பாருங்கள். வானொலியை நிறுத்துங்கள். ஒடுங்கிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். குழந்தையின் ஆசனத்தைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். இதற்கெல்லாம் இடந்தராதவர்களிடம் வாங்காதீர்கள்.

ஈற்றில் அவன் வாங்கியது 2022ஆம் ஆண்டு பதிவான, ஒருவர் பாவித்த ஹுண்டாய் ஐ20 என். 204 குதிரைவலு, ஆறு கியர், மூன்று மிதிகள். முக்கியமாக, பின்பக்கத்துக்கு இரண்டு கதவுகள். ஸ்ரியரிங்கில் பழைய காரின் கூர்மை சற்றுக் குறைவு என்கிறான், உண்மையாக இருக்கலாம். மனைவிக்குப் பூரண திருப்தி.

பழைய பியஸ்ராவை வாங்க வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தாதி. இரவுக் கடமை முடித்து நேரே வந்திருந்தார். தெருவை ஒருமுறை சுற்றிவிட்டு வந்தவர் எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே சிறிது நேரம் இருந்தார். பின்னர் இறங்கி, விலையை அதிகம் பேசாமல் ஒப்புக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற மருமகன், "அவவுக்கு விளங்கிவிட்டது, மாமா" என்றான்.