மால்கம் எக்ஸ் சரிதமும் ஆப்பெராவும்

பெரியோர் சரிதத்தை நாடகமாக்குவோர், அவர்தம் குறையை மறைத்து நிறையையே காட்டுதல் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் ஒப்புகிலோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 1965-ஆம் ஆண்டில் நியூயார்க்கிற் சுட்டுக் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸ் என்பாரின் சரிதத்தை ஆந்தனி டேவிஸ் ஆப்பெராவாக இயற்றினார். அதில் மால்கம் குற்றவாளியாய்ச் சிறை புகுகின்றார். ஆங்கே மனம் மாறுகின்றார். பின்னர்த் தம் குருவினின்றும் பிரிகின்றார். 1964-இல் மெக்கா யாத்திரை சென்று, வெள்ளையரைப் பற்றிய தம் பழைய கொள்கையையே திருத்திக் கொள்கின்றார். இம்மாறுதல்களை மறைத்திருப்பின், மேடையில் நிற்பது சிலையேயன்றி மனிதனன்று. ஜாஸ் வாத்தியக்காரர் எழுதிய ஸ்வரத்தோடு தம் மனோதர்மத்தையும் கலந்து வாசிக்க இடமளித்ததும் அவ்வுயிர்த்துடிப்புக்கு ஏற்றதே.

1986-இல் நியூயார்க் நகர ஆப்பெராவில் அரங்கேறிய இந்நாடகம், அந்நகரிலேயே உள்ள மெட்ரோபாலிட்டன் மேடையை எட்டியது 2023-இல்! இடையிற் கழிந்தவை 37 ஆண்டுகள். அம்மேடையில் கறுப்பினத்தார் ஒருவர் இயற்றிய ஆப்பெரா முதன்முதல் ஏறியதே 2021-இல் அன்றோ? மறைந்த வீரனைப் போற்றுதல் எளிது. அவனைப் பாடுவோனுக்கு உரிய காலத்திற் கதவைத் திறத்தலே அரிது. மனிதன் சரிதத்திற் குறை மறைத்தல் ஆகாதெனின், அரங்கின் சரிதத்திலும் அஃது ஆகாது என்பதே எமது துணிபு.