கடலை உழுது கொல்வோர்

உழவன் நிலத்தை உழுவது விதைப்பதற்காக. விதைக்கும் எண்ணம் சிறிதுமின்றி, முளைத்ததையும் முளைக்க இருப்பதையும் வேரோடு வாரிச் செல்வதற்கென ஒருவன் இரவில் உமது வயலில் ஏர் பூட்டினால் அவனை என்ன பெயரிட்டு அழைப்பீர்? பாக்குக் குடாவில் நிகழ்வது அதுவே.

இழுவைமடியின் வாயை அகலத் திறந்து வைப்பவை இரு கனத்த பலகைகள். கீழ்க்கயிற்றிற் பூட்டிய இரும்புச் சங்கிலி தரையை உரசியே வரும். இறாலுக்கென இறக்கிய மடியில் குஞ்சுமீனும் சினைநண்டும் சங்கும் அட்டையும் ஒருங்கே ஏறும். விலைபோகாதவை செத்தபின் கடலுக்கே எறியப்படும். இக்குடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. ஆதலினாற்றான் வெயில் அடிவரை இறங்கிச் சாதாழை வளர்கிறது. கரையொதுங்கும் சாதாழையை எருவாக இட்டறிந்த தீவக உழவர்க்கு அதன் அருமையை யாம் சொல்ல வேண்டுவதில்லை. கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் ஓராக்குஞ்சின் தொட்டிலும் அதுவே. றோலர் வரும் இரவுகளில் எம்மவர் கடலுக்கிறங்க அஞ்சிக் கரையிலே இருக்கின்றனர். துணிந்து இறங்கியோர் கடன்பட்டு வாங்கிய வலை விடியுமுன் அறுந்து போகிறது.

“வருவோர் எம் உடன்பிறப்புக்கள், வாய் திறவாதீர்” என்கின்றனர் சிலர். தமிழக மீனவர் சுடப்பட்டபோது கண்ணீர் வடித்தவர் யாம். சிறைப்படுபவன் கூலியாள், றோலரின் உடைமையாளனோ கரையில் இருக்கிறான். தமிழக அரசே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் றோலரை விலக்கியது. ஆண்டுதோறும் 61 நாட்கள் அவற்றைக் கட்டிவைக்கிறது. 2022இல் இதே குடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கென ஒதுக்கியது. அக்கரையில் குற்றமானது இக்கரையில் உறவாகுமோ? 2,000 றோலர்களை ஆழ்கடற் படகுகளாக மாற்றுவோம் என 2017இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தில் சிறு பங்கே ஈடேறிற்று.

எம் கையும் தூயதன்று. 2017 யூலையில், திரு. ம. ஆ. சுமந்திரன் கொணர்ந்த தனியார் மசோதா நிறைவேறி, இழுவைமடி இத்தீவெங்கும் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் எமது துறைகளிலிருந்தே சில றோலர்கள் இறங்கி வந்தன. தம் கரையிற் சட்டத்தை உறங்கவிட்டு, அயலான் மீறினான் என்று மேடையில் முழங்குவோரை எந்நாவால் புகழ்வது?

வழக்கறிஞரே, ஆசிரியரே, கமக்காரரே! அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இவ்வொன்றைக் கேளுங்கள்: ஐயா, உமது ஆதரவாளருள் எத்தனை பேருக்கு றோலர் உண்டு?