மஞ்ச லைட்டும் ஒரு மக்கு இன்ஜினியரும்

எங்க வீடு திருவண்ணாமலையில, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டை ஒட்டின சந்துல இருக்கு. வாசல்ல அப்பாவோட 2014 மாடல் பெட்ரோல் கார் நிக்கும். நான் சென்னையில பொட்டி தட்டறவன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனப்ப, "டேய், மீட்டர்ல மஞ்சளா இன்ஜின் படம் ஒண்ணு எரியுது, என்னன்னு பாரு"ன்னார் அப்பா.

விடுவோமா? ஆன்லைன்ல வாங்கி வெச்சிருந்த ப்ளூடூத் ரீடரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல சொருகினேன். மொபைல்ல பி0301னு வந்துச்சு. கீழயே கோடை அழிக்கறதுக்கு ஒரு பட்டன். அமுக்கினேன். லைட் போயே போச்சு! "இன்ஜினியர் புள்ளை இருந்தா இதான் வசதி"ன்னு அப்பா பக்கத்து வீட்டுல பெருமை அடிச்சார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

வியாழக்கிழமை அம்மாவோட கண்ணைக் காட்ட ரெண்டு பேரும் கார்ல வேலூர் கிளம்பினாங்க. போளூர் தாண்டினதும் போன்.

"வண்டி உதறுதுடா. அந்த லைட்டு இப்ப விட்டு விட்டு எரியுது. நீதான் சரி பண்ணிட்டியே, அப்படியே ஓட்டிட்டுப் போயிடவா?"

அந்த 'நீதான் சரி பண்ணிட்டியே' இருக்கே... செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. "வேணாம்ப்பா, ஓரமா நிறுத்துங்க"ன்னு கத்தினேன். ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கின அப்பாயின்ட்மென்ட் போச்சு. வெயில்ல அம்மா பஸ் பிடிச்சு வீடு திரும்பினாங்க.

நான் அழிச்சது என்னன்னு அப்புறமா உக்காந்து படிச்சேன். பி0301ல 'பி'ன்னா இன்ஜின், கியர் பக்கம். 0ன்னா எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 3ன்னா தீப்பொறி, மிஸ்ஃபயர் சமாச்சாரம். 01ன்னா முதல் சிலிண்டர். அதாவது, 'முதல் சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலை'ன்னு கார் தெளிவா சொல்லியிருக்கு. அது எந்த வேகத்துல, இன்ஜின் எவ்வளவு சூட்டுல இருந்தப்ப வந்துச்சுங்கற குறிப்பும் கூடவே சேமிச்சிருக்கும். நான் எல்லாத்தையும் ஒரே அமுக்குல காலி பண்ணியிருக்கேன்.

ஆபீஸ்ல ஒரு ஜூனியர் பையன் லாக் ஃபைலை டெலிட் பண்ணிட்டு 'பக் போயிடுச்சு சார்'னு வந்து நின்னா காய்ச்சி எடுத்திருப்பேன். நான் பண்ணினது அச்சு அசல் அதேதான் :-)

ஊர் மெக்கானிக் வந்து முதல்ல கேட்டதே, "இது இதுக்கு முன்னாடி வந்துச்சா தம்பி?" முழிச்சேன். அவர் முதல் சிலிண்டர் காயிலைக் கழட்டி ரெண்டாவதுல மாட்டினார், ரெண்டாவதோடதை முதல்ல மாட்டினார். காயில் கெட்டிருந்தா கோடு 0302ன்னு மாறணும். மாறலை. அப்ப காயில் நல்லா இருக்கு. ஒயரைத் தடவிப் பாத்தார். பாதி கடிபட்டிருந்துச்சு. எலி! மலையடிவாரத்துல எலிக்கா பஞ்சம்? ஒயரையும் கனெக்டரையும் மாத்த சில நூறு ரூபாய்தான் ஆச்சு. அப்பா அப்படியே வேலூர் வரைக்கும் ஓட்டியிருந்தா, எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கியிருக்கும். அது பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம்.

'மெக்கானிக்கிட்ட போனா மொளகா அரைப்பாங்க, அதான் வீட்லயே பாத்துக்கறோம்'னு சொல்றவங்களோட எனக்குச் சண்டை இல்லை. ரீடர் வாங்குங்க, கட்டாயம் வாங்குங்க. ஆனா அது படிக்கறதுக்கு, அழிக்கறதுக்கு இல்லை. கோடு வந்தா முதல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. கோடு இடத்தைத்தான் காட்டும், எந்த பார்ட்டை மாத்தணும்னு சொல்லாது. லைட் நிலையா எரிஞ்சு வண்டி ஒழுங்கா ஓடினா, மெதுவா ஓட்டிப் போய்க் காட்டலாம். விட்டு விட்டு எரிஞ்சாலோ, சிவப்புல ஆயில் லைட்டோ சூட்டு லைட்டோ வந்தாலோ, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திடணும். கோடை அழிக்கறது ரிப்பேர் முடிஞ்சப்புறம்தான்.

இன்னொண்ணு. இந்த லைட்டை முதல்ல கொண்டு வந்தது கார்க்காரனோட பர்ஸுக்காக இல்லை, புகைக்காக. கலிஃபோர்னியாவுல 1988 மாடல் கார்கள்லேர்ந்து கட்டாயம் ஆச்சு. நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல முதல் கட்டம், 2013 ஏப்ரல்ல ரெண்டாம் கட்டம். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான ஜனங்க 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கற ஊரு எங்களது. நாம லைட்டை அணைச்சுட்டு விடற புகை அவங்க மூக்குக்குத்தான் போகும்.

'நான் யார்'னு கேக்கச் சொன்னவர் இருந்த இடத்துக்குப் பக்கத்துல குடியிருந்துகிட்டு, 'உனக்கு என்ன'ன்னு காரை ஒரு வார்த்தை கேக்காம வாயை மூடினேன் பாருங்க, அதுதான் இப்பவும் உறுத்துது.

டிஸ்கி: பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு. சாவியைத் திருப்பினதும் அந்த மஞ்ச லைட் எரியணும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா, யாரோ என்னை மாதிரி ஒரு புத்திசாலி பல்பையே பிடுங்கியிருக்கலாம். உஷார்!