பெட்ரோலுக்குக் காசு இருக்கு, கண்ணுக்கு இல்லையா?

மக்கா, இன்னிக்குக் கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறேன். கோவப்படறவங்க கோவப்பட்டுக்கலாம்.

கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் மனை வாங்கிப் போட்ட ஐடி மக்கள் நம்மள்ல நிறைய பேர். வாங்கினதோட சரி. மழைக்காலம் முடிஞ்சா கோரை, நாயுருவி, சீமைக்கருவேலம்னு இடுப்பளவுக்கு மண்டிடும். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி "பாம்பு வருது சார்"ம்பார். உடனே புரோக்கர் மூலமா ஆள் பிடிச்சு, "மொத்தமா எவ்ளோ?"ன்னு பேரம் பேசி, பணத்தை அனுப்பிட்டு, சுத்தமான மனையோட போட்டோ வந்ததும் மறந்துடுவோம்.

அந்த போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. பிரஷ் கட்டரோட ஓரமா நிக்கிறவர் கால்ல ரப்பர் செருப்பு. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின்ல பிளேடுக்கு மேல இருக்கவேண்டிய தடுப்பு மூடியைக் காணோம். நாளைக்கே கல்லு தெறிச்சு அவர் கண்ணு போச்சுன்னா நாம சொல்லப்போறது ஒரே வார்த்தை: "அஜாக்கிரதை".

இந்த வார்த்தையைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 8000 சுத்து சுத்தினா, அதோட விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 380 கி.மீ. வேகத்துல போகுது. புல்லுக்குள்ள கிடக்கிற பீர் பாட்டில் துண்டு எவ்வளவு அனுபவசாலி கண்ணுக்கும் தெரியாது. 15 மீட்டருக்குள்ள வேற யாரும் வரக்கூடாதுன்னு மெஷின்லயே படம் போட்டு ஒட்டுறது சும்மா இல்ல.

சரி, மூடியை ஏன் கழட்டுறாங்க? திமிரா? இல்லீங்க. நைலான் கயிறு அளவுக்கு மேல நீண்டா வெட்டிவிட மூடியில ஒரு சின்ன கத்தி இருக்கும். மூடி போனா கயிறை நீளமா விடலாம், அகலமா வெட்டலாம், சிக்குற புல்லை எடுக்க அடிக்கடி நிறுத்த வேணாம். வேலை சீக்கிரம் முடியும். மொத்தமா ஒரு தொகைன்னு பேசி அந்த அவசரத்தை உண்டாக்கினது யாரு? நாமதான். ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்ட்ல முதல்ல எதுல கை வைப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா? அங்க வெட்டுப்படறது டெஸ்டிங். இங்க வெட்டுப்படறது மனுஷன்.

இன்னும் சிலர் நைலானுக்குப் பதிலா இரும்புச் சங்கிலியை மாட்டச் சொல்றாங்க. கண்ணி அறுந்தா அது துப்பாக்கிக் குண்டுதான். ஒரு உயிர் போனதுக்கு அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சங்கிலித் தலைகளை விக்கவே கூடாதுன்னு 2012ல தடை போட்டுச்சு.

"கண்ணாடி குடுத்தாலும் போடமாட்டாங்க சார்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். போடமாட்டாங்கதான். நம்ம வெயிலுக்கு பிளாஸ்டிக் கண்ணாடி வேர்த்து மங்கிடும், மங்கின கண்ணாடியோட மெஷின் பிடிக்கிறதும் ஆபத்துதான். அதுக்குத்தான் கம்பிவலை வெச்ச முகத்தடுப்பு இருக்கு. காத்து போகும், மங்காது. வலையைத் தாண்டி வர்ற பொடிக்கு, உள்ளே காத்தோட்டமுள்ள சின்னக் கண்ணாடி ஒண்ணு.

அதனால அடுத்த தடவை நாள் கூலியாப் பேசுங்க. மூடி, முகத்தடுப்பு, ஷூ, காதடைப்பு இல்லாம ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு முதல்லயே சொல்லுங்க. அவர்கிட்ட இல்லன்னா நீங்க வாங்கிக் குடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி கம்பால தட்டிக்கிட்டே நடந்து பாட்டில், கம்பி, ஜல்லியைப் பொறுக்கணும், பாம்பும் விலகிடும். அந்த நேரத்துக்கும் கூலி குடுங்க. தடிச்ச கருவேல மரத்தை பிரஷ் கட்டர்ல அறுக்கச் சொல்லி நச்சரிக்காதீங்க. அதுக்கு மரம் அறுக்கிற மெஷின் தெரிஞ்ச ஆள் வேணும். காஞ்ச புல்லுக்கு நடுவுல நின்னு சூடான மெஷின்ல பெட்ரோல் ஊத்த விடாதீங்க.

இதெல்லாம் செலவுதான். பத்திரப்பதிவுக்கு, வேலிக்கு, புரோக்கர் கமிஷனுக்கு அழுதோமே, அதுல இது எந்த மூலைக்கு?

டிஸ்கி: "எனக்கு மனையே இல்ல, தப்பிச்சேன்"னு சிரிக்கிறவங்களுக்கு: உங்க அபார்ட்மென்ட்ல புல் வெட்டுறவர் கண்ணுல என்ன போட்டிருக்கார்னு பால்கனியிலேருந்து எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க :-)